கலியபெருமாள் கொண்டுவந்த ஐந்து ஆட்டங்கள்

செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைமை எழுத்தர் சொன்னார்: "நம்ம கலியபெருமாள் போயிட்டாருங்க. அவரு ஊரு சுரக்குடியிலேருந்து ஆள் வந்திருக்கு." மாரடைப்பு. வயது நாற்பத்தாறு.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் கோப்புகளைச் சுத்தமாக வைத்திருந்த சக எழுத்தர். எனக்கு அவர் செஸ் எதிராளி. எழுபதுகளின் நடுவில் ஒரு ருஷ்யப் புத்தகம் வாங்கினார். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் அதில் இருந்தன. மொழி தெரியாது, கட்டங்களின் குறியீடு புரிந்தது. மதிய இடைவேளையில் அடுத்த நகர்த்தலை அஞ்சலட்டையால் மறைத்துவிட்டு, அது என்னவாக இருக்கும் என்று இருவரும் யோசிப்போம். ஜெயித்தவரின் நகர்த்தல்களை நான் மனப்பாடமே செய்திருந்தேன்.

ஒருமுறை புதுச்சேரிப் போட்டிக்குக் காரைக்காலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு ஆட்டங்களின் கடைசிச் சுற்றில் நாங்கள் இருவரும் மோதினோம். புத்தகத்து ஆட்டம் ஒன்று அப்படியே பலகையில் வந்தது. அதில் உள்ளபடி குதிரையை வெட்டக் கொடுத்தேன். வெட்டினால் எட்டே நகர்த்தலில் அவர் கதை முடிந்திருக்கும். அவர் வெட்டவில்லை, ராணியைப் பின்னுக்கு இழுத்தார். என் தாக்குதல் நின்றுபோனது. தோற்றேன்.

"இது புத்தகத்துல இல்லையே?" என்றேன்.

"இல்லீங்க. தோத்தவரு பக்கம் ஒக்காந்து நாலு நாள் பாத்தேன். அவருக்கு ஒரு வழி இருந்துது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஜெயிச்சவரு என்ன ஆடுனாருன்னுதான எப்பவும் கேட்டீங்க?"

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை வேறு அறைக்கு எடுத்துப் போனேன்.

புதுச்சேரியில் அவர் ஐந்து ஆட்டம் ஆடினார், ஐந்திலும் தோற்றார். திரும்பி வந்த அன்று மதியம் அந்த ஆட்டங்களின் நகர்த்தல்களை எழுதிய ஐந்து தாள்களை என் மேசையில் வைத்தார்.

"எங்கெங்க தப்பு பண்ணேன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க இப்ப கோவமா இருக்கீங்க, தயவு தாட்சண்யம் பாக்க மாட்டீங்க."

நான் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லைதான். மூன்றாவது ஆட்டத்தில், அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட இடத்தில், அவருக்கு ஜெயிக்கவே வழி இருந்ததைக் காட்டினேன். அந்த நகர்த்தலைத் தானே பலகையில் ஆடிப் பார்த்தார். பிறகு அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அடப்பாவி, கைகுடுத்துட்டு எழுந்து வந்தேனே!"

அதன்பின் பல வருடம் சேர்ந்து ஆடினோம். யார் எத்தனை ஜெயித்தோம் என்பது நினைவில் இல்லை. பேசாமலிருந்த ஒருவனிடம் தன் தோல்விகளைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாரே, அந்த மதியம் மட்டும் என்னிடம் இருக்கிறது.