மிதித்தது நான், பொன்னாடை அவருக்கு

இங்கே மலேசியாவில், பெம்பானிலிருந்து கேமரன் மலைக்கும் அதற்கு அப்பால் காட்டுச் சாலைகளுக்கும் பதினோரு நாள் தனியாகச் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தேன்.

அதைப் பற்றிப் பேச இன்று ஒரு கோயில் மண்டபத்தில் கூப்பிட்டார்கள். போனேன்.

"மேடு ஏறுறப்ப நமக்குப் பதிலா வேற யாரும் மிதிக்க மாட்டாங்க. அதான் நான் கத்துக்கிட்டது" என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

உடனே கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "பொம்பளைய தனியா அனுப்ப பெரிய மனசு வேணும்லா! தம்பி, மேடைக்கு வாங்க."

பொன்னாடை என் கணவருக்கு! பதினோரு நாளும் சோபாவை விட்டு நகராத மனிதருக்கு!

"அவங்க கூப்பிட்டாங்க, நான் என்னலா செய்யறது?" என்கிறார் காரில். தோளிலிருந்து அதை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் எடுத்துவிட்டேன். இப்போது அதில்தான் சைக்கிள் செயினைத் துடைக்கிறேன். எண்ணெயைக்கூட ஒழுங்காக உறிஞ்சவில்லை.

ஆட்சேபணை உள்ளவர்கள் கீழே எழுதலாம். வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு.