கல்லின் பூர்வீகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நிலவியல் ஆராய்ச்சி மாணவன். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கல்லில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகளை அளந்தால், அந்தக் குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து வந்ததா, மேலோடு உருகி வந்ததா என்று சொல்லிவிடலாம். அதில் என் பேராசிரியர் கெட்டிக்காரர்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், அந்தக் காலத்துக் கப்பல்கள் கடலில் ஆடாமலிருக்கப் பாரத்துக்காக ஏற்றிவந்து போட்ட எரிமலைக் கருங்கற்கள் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். எல்லம்மா என்ற மீனவப் பெண், வாசலில் அப்படியொரு கல்லின் மேல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கல்லைக் கழுவிவிட்டு, ஒரு மூலையை உடைத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் உடைத்தெடுத்ததும் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வெயில்ல வந்துக்கிறீங்க, குடிங்க சார்."

பேராசிரியர் டம்ளரை வாங்காமல், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்.

எல்லம்மாவின் முகம் சுருங்கியது. "இன்னாத்துக்கு சார் அது?" என்றார்.

பேராசிரியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். எனக்குக் குமட்டியது. இரண்டு டம்ளரையும் நானே வாங்கிக் குடித்தேன்.

ஜீப்பில் ஏறியதும், "உனக்கு அருவருப்பா இல்லையா?" என்றார்.

"இருக்கு சார்," என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவரிடம் ஆராய்ச்சி செய்வதை விட்டுவிட்டேன். படிப்பு பாதியில் நின்றது, வீட்டில் திட்டினார்கள். அந்தக் கல் ஆழத்திலிருந்து வந்ததென்று அவர் கட்டுரை எழுதியதாகப் பிறகு அறிந்தேன். சரியாகத்தான் கண்டுபிடித்திருப்பார். அவர் அறிவின் மேல் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் குமட்டல் இன்னும் போகவில்லை.