சூடேறாத வலது சக்கரம்

"சார், மகாபலிபுரம் ரோட்டுல பஸ்ஸு ஒண்ணு மாட்டுவண்டிய அடிச்சிகினு நிக்கிது, போய்ப் பாருங்க!"

திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே பெர்மிட் செக்கிங்கில் நின்றிருந்தோம். எதிரே வந்த லாரிக்காரர் நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனார். எழுபதுகளின் நடுப்பகுதி, ஒரு காலை நேரம். நான் அப்போது செங்கல்பட்டில் மோட்டார் வாகன ஆய்வாளர். ஆபீஸ் போர்டைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஜனங்களுக்கு நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர். ஜீப்பை விரட்டிக்கொண்டு போனேன்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் தனியார் பஸ். சாலையின் இடது ஓரத்தில் நின்றிருந்த சவுக்குக்கட்டை வண்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தது. வண்டிக்காரர் முனுசாமியை, கால் நசுங்கிய நிலையில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு மாடு செத்துவிட்டது. இன்னொன்றை யாரோ பனைமரத்தில் கட்டியிருந்தார்கள். முன்னால் புல் கிடந்தும் அது தின்னவில்லை.

போலீஸ் ஏட்டையா ரோட்டில் டேப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு நீளமாக ஓடியது.

"இன்னா நீளம் பாருங்க சார்! எம்பதுல பறந்துகினு வந்துகீறான். கேஸு கெட்டி."

டிரைவர் இப்ராகிம் பாய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஸ்பீடாத்தான் வந்தேன் சார். குறுக்க ஆடு பூந்துச்சி, பிரேக் அடிச்சேன். எம் மேலதான் தப்பு."

பஸ் முதலாளிக்குப் பக்கத்திலேயே வீடு. எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். "மெதுவா போ பாய், மெதுவா போ பாய்னு நான் எவ்ளோ சொல்லிகீறேன் சார். கேக்க மாட்டான்" என்றார்.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. என் சர்வீசில் எத்தனையோ விபத்து பார்த்திருக்கிறேன். மரத்தை வேரோடு பிடுங்கினவன்கூட "முப்பதுல வந்தேன் சார்" என்றுதான் சத்தியம் பண்ணுவான். ஸ்பீடாக வந்தேன் என்று கேட்காமலே ஒப்புக்கொள்கிற டிரைவரை அன்றுதான் பார்த்தேன். ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. அது பாய்க்குத் தெரியாததா?

கோட்டை மறுபடி பார்த்தேன். இடது சக்கரத்தின் கோடு மட்டும்தான் இருந்தது. வலது பக்கம் தார் சுத்தமாக இருந்தது.

குனிந்து பின்சக்கரங்களுக்குள் கையை விட்டு பிரேக் டிரம்மைத் தொட்டேன். இடது டிரம் சுட்டது, சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். வலது டிரம் ஜில்லென்று இருந்தது. வழியெல்லாம் ஸ்டாப்பிங்கில் நின்று நின்று வந்த வண்டி. அடிபட்டு அரைமணிகூட ஆகவில்லை. ஜில்லென்று இருக்க அதற்கு என்ன நியாயம்?

இந்த இடத்தில் புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் வேகத்தை அழித்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். ஓடுகிற வண்டிக்குள் ஒரு சக்தி இருக்கிறது. அது அழியாது. பிரேக் லைனிங் டிரம்மோடு உரசி அந்தச் சக்தியைச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். சூடேறாத டிரம், வேலை செய்யாத டிரம். அதன் பங்கையும் சேர்த்து இன்னொரு சக்கரம் இழுக்க வேண்டியிருந்ததால்தான் கோடு அவ்வளவு நீளம். இடது பக்கம் மட்டும் பிடித்ததால் பஸ்ஸும் இடது பக்கமாக, நேராக முனுசாமி மேல் போயிருக்கிறது.

வாயால் சொன்னால் ஏட்டையா நம்புகிற ஆள் இல்லை. பஸ்ஸின் ஸ்பீடாமீட்டர் வழக்கம்போல செத்துக் கிடந்தது. ஜீப்பினுடையது வேலை செய்தது. பஸ்ஸை வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தி, அதே ரோட்டில் நான் பஸ்ஸை ஓட்ட, ஏட்டையாவை ஏற்றிக்கொண்டு ஜீப் பக்கத்திலேயே வந்தது. நாற்பது தொட்டதும் ஜீப் ஹாரன் அடித்தது. பிரேக்கை மிதித்தேன். அம்மாடி, ஸ்டியரிங்கை இடது பக்கம் யாரோ பிடுங்கிய மாதிரி இருந்தது. ரோட்டோரப் புளியமரம் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றேன்.

ஏட்டையா டேப் பிடித்தார். காலையில் விழுந்த கோட்டைவிட எங்கள் கோடு சற்று நீளம்!

"வண்டி காலியா கீதே சார். காலைல ஃபுல் லோடு ஆச்சே?" என்று மடக்கினார். நல்ல கேள்வி.

"ஆள் ஏறினா சக்தியும் கூடும், தரையில டயரு உரசுறதும் அதே அளவு கூடும். ஒண்ணுக்கொண்ணு சரியாப்பூடும் ஏட்டையா."

"அப்ப எம்பதுல வந்திருந்தா ரெண்டு பங்கு கோடு வருமா?"

"நாலு பங்கு வரும். வேகம் ரெண்டு மடங்கானா சக்தி நாலு மடங்கு. எம்பதுல வந்திருந்தா இந்தப் பஸ்ஸு அந்தாண்ட தெரியுதே டீக்கடை, அதுக்குள்ள போய் டீ குடிச்சிருக்கும்."

அவர் சிரித்துவிட்டு, "அப்ப நம்ம கோடு மட்டும் ஏன் சார் கொஞ்சம் எச்சா வந்துச்சி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஓட்டிய பஸ் தரையிலேயே தேய்ந்து நின்றது. காலையில் வந்த பஸ் அப்படி நிற்கவில்லை. அந்த மிச்ச நீளத்துக்கான வேலையை மாடும் முனுசாமியின் காலும் செய்திருந்தன.

திருக்கழுக்குன்றத்து ஒர்க் ஷாப்பில் வலது டிரம்மைக் கழற்றினோம். ஆயில் சீல் போய், லைனிங் எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. விரலை வைத்தால் வழுக்கியது.

"நேத்துகூட ஷெட்டுல பாத்தாங்க சார்" என்றார் முதலாளி. பிறகு ஏதோ வேலை ஞாபகம் வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாயைத் தனியாகக் கூப்பிட்டேன். "இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஒரு வாரமா சொல்லிகினுதான் இருந்தேன். திருநாள் கூட்டம் முடியட்டும், அப்பறம் ஷெட்டுல வுடலாம்னாரு. அடிபட்டதும் வந்து, ஸ்பீடுன்னு ஒத்துக்கோ, பிரேக்கப் பத்தி வாயத் தொறக்காத, மீதிய நான் பாத்துக்கறேன்னாரு." கழற்றிக் கிடந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு, "க்ளீனரா சேந்த நாள்லேருந்து அவங்க வூட்டு உப்ப தின்னவன் சார் நான். எப்டி காட்டிக் குடுப்பேன்?" என்றார்.

எனக்கு முன்கோபம் உண்டு. அன்று அது எங்கேயோ போய்விட்டது.

"உப்பத் தின்னவன்தான்யா தண்ணி குடிக்கணும். நீ தின்ன உப்புக்கு முனுசாமி எதுக்குக் குடிக்கிறான்?"

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சார், ஜீப்பு ஆஸ்பத்திரி பக்கம் போவுதா?" என்று கேட்டார்.

முனுசாமிக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நினைவு தெளிவாக இருந்தது. ஏட்டையா அவரிடம் ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "டிரைவரு ஸ்பீடா வர்ல முனுசாமி. சார் ஓட்டியே பாத்துட்டாரு" என்றார்.

"மெதுவாத்தான் வந்தான்னா எம் மாடு எப்டிங்க செத்துச்சி?"

நான் வாயைத் திறக்குமுன் பாய் முன்னால் வந்தார். "நான் சொல்றேன் அண்ணாத்த. பிரேக்கு புடிக்கலன்னு தெரிஞ்சே எட்த்துகினு வந்தேன். மொதலாளி சொன்னாரு, நானும் எட்த்தேன். நான் எட்த்திருக்கக் கூடாது." ஏட்டையாவும் கேட்கும்படி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

முனுசாமி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"என்னாண்ட வந்து சொல்லிட்ட பாய். மாட்டாண்ட எப்டி சொல்லுவ?"

பாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

கேஸில் முதலாளி பெயர் முதலில் வந்தது. பாய்க்கு ஜெயில் இல்லை. கொஞ்ச காலம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள், அது நியாயம்தான். முதலாளி அவரை மறுபடி சேர்க்கவில்லை. முனுசாமிக்கு நஷ்டஈடு வந்தது, கால் மட்டும் பழைய கால் ஆகவில்லை.

அதற்குப் பிறகு எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டி கொண்டுவந்து, "பிரேக்கு கொஞ்சம் கம்மியாதான் கீது சார், டிரைவரு பாத்து ஓட்டிக்குவாரு" என்று யார் சொன்னாலும் நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்.

"அந்தக் கொஞ்சத்த ரோட்டுல யாரு வாங்கிக்கணும்? பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்."

ரிடையர் ஆகிற வரைக்கும் ஒருவரும் பேர் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஷெட்டுக்குத்தான் போனார்கள்.