பத்து நாள் பார்க்கச் சொன்னார்கள்

மருந்துக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத போர்க்காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வீட்டாரின் வெங்காயத் தோட்டத்தில் அம்மாவும் நானும் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு நாய் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, சத்தமே இல்லாமல் என் கெண்டைக்காலைக் கடித்தது.

கிராமத்து டிஸ்பென்சரியில் டொக்டருக்குப் பதிலாக இருந்த அப்போதிக்கரி காயத்தைக் கழுவி மருந்து போட்டார். விசர்நாய்க்கடி ஊசி பட்டினத்துப் பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்சம் என்றார். வளர்ப்பு நாய் என்றபடியால் பத்து நாள் நாயைப் பார்க்க வேண்டுமாம். நாய் செத்தால் உடனே வர வேண்டும், பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவாராம்.

நாங்கள் அந்த நாயை எப்படிப் பார்ப்பது? எங்கள் ஆட்கள் அந்த வீட்டு வாசற்படலையைத் தாண்டுவதில்லை. குடிக்கக் கேட்டால் தண்ணீரைக்கூடப் படலையடியில் கொண்டுவந்து கையில்தான் வார்ப்பார்கள்.

தினமும் விடிந்ததும் அம்மா போய்ப் படலையடியில் நிற்பாள். நாய் குரைத்தால் எனக்கு இன்னும் ஒரு நாள். நான் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, விழுங்க முடிகிறதா என்று பார்ப்பேன். விசர் பிடித்தவர்கள் தண்ணீரைக் கண்டால் நடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் புரைக்கேறிவிட்டது.  அன்று முழுக்க என் தங்கையைக் கிட்ட வர விடவில்லை.

ஆறாம் நாள் குரைப்புக் கேட்கவில்லை. அம்மா வெளியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். வீட்டுக்கார அம்மா படலைக்கு வராமலே பதில் சொன்னாராம்.

"நாய்க்கு ஒண்டுமில்லை. பின்னுக்குக் கட்டிக்கிடக்கு. நீ போய் வேலையைப் பார்."

ஏழாம் நாளும் அதே பதில். அன்று பின்னேரம் சின்னையா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பு என்று நான் கூப்பிடும் அப்பாவின் தம்பி, அந்த வீட்டில் மாடு பார்ப்பவர். உள்ளே வந்தும் குந்தாமல் நின்றார்.

"பிள்ளை, அந்த நாய் செத்துப்போச்சு. நேற்று நான்தான் குழி வெட்டித் தாட்டனான். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவை. எனக்கு மனம் கேக்கேல்லை."

அம்மா அழவில்லை. கையில் இருந்த சுளகை நிலத்தில் வைத்தாள். எனக்குக் கால் விறைத்தது. பயத்திலா, நோய் ஏறுகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் அப்போதிக்கரி, நாய் செத்ததை யார் சொன்னது என்று கேட்டார். சின்னையாவின் பெயர் வெளியே வந்தால் அவருக்கு அந்த ஊரில் வேலை இல்லை. செத்த நாயை நானே கண்டேன் என்று பொய் சொன்னேன். அவர் துண்டை எழுதித் தந்தார்.

அப்பு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடும் அறைக்கு வெளியே, நீள மர வாங்கிலில் அந்த வீட்டுக்கார அம்மா தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். அந்த நாயோடு விளையாடிய பிள்ளைகளுக்கு அன்று மூன்றாவது ஊசி என்று பிறகு தெரிந்தது. என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளையை மடிக்கு இழுத்து, முகத்தை அதன் தலைமயிருக்குள் புதைத்துக்கொண்டார்.  அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாள் பிந்திவிட்டதே என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பதினான்கு நாளும் அப்பு சைக்கிள் மிதித்தார். ஒரு நாள் குண்டுவீச்சு விமானம் சுற்றியதால், கோண்டாவிலில் ஒரு மதிலோடு குப்புறக் கிடந்துவிட்டுப் போனோம். விமானத்துக்கு நான் பயப்படவில்லை. ஊசி அறையைப் பூட்டிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

கடைசி ஊசி போட்ட அன்று, இனி ஒன்றும் வராதா என்று அப்பு தாதியிடம் கேட்டார்.

"பிந்தித்தான் துடங்கியிருக்கு, ஐயா. கொஞ்ச மாதம் பாருங்கோ," என்றார் அவர்.

பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்த போகத்துக்குப் புல்லுப் பிடுங்க அந்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அம்மா போனாள். நான் போகவில்லை.