ஹாலில் இருந்த ராணி

சிதம்பரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனி நாற்றத்தில்தான் எனக்குத் தூக்கம் கலையும். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, சாயங்காலம் கடலூரில் ஒரு ரைஸ் மில் முதலாளி வீட்டில் டியூஷன். பாடம் நடப்பது மொட்டைமாடியில், தகரக் கொட்டகையில், ஒரே ஒரு டேபிள் ஃபேன் காற்றில். என் முட்டிவலிக்கு அந்தப் படிகளே தண்டனை. கீழே ஹாலில் ஏ.சி. சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வரும், வெளியே வராது.

அந்த ஹாலில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். பாண்டிச்சேரிப் பழைய சாமான் கடையில் முதலாளி வாங்கிய பெரிய ஓவியம். பட்டு கவுன், முத்துமாலை, யாரையும் மதிக்காத பார்வை. இங்கிலாந்து ராணி என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். செத்தவர் படத்தைப் பொட்டில்லாமல் விடுவோமா? வெள்ளிக்கிழமை தவறாமல் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே கதம்பச் சரம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ராணியைக் காட்டிய பிறகுதான் காபி.

ஒருநாள் என்னிடம் படிக்கும் முதலாளியின் பெரிய பெண் அந்தப் படத்தைப் போனில் பிடித்துத் தேடினாள்.

"மிஸ், இவுங்க ராணி இல்லியாம். பெரிய பிரபு குடும்பமாம். ஆனா அரமனையில ராஜா புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாங்களாம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் பூவும் பொட்டும் வாங்கியது நம் ஆள்! முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். சொன்ன கையோடு, அப்படியே எங்களையும் ஹாலில் உட்காரவிட்டால் நன்றாக இருக்கும், படியேற முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டும்விட்டேன். அவர் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர் வேலைதான் பாத்தாங்களா?" என்றார். "சரி, பாக்கலாங்க."

மறுநாள் ஹால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மூச்சு வாங்க மாடி ஏறினேன். தகரக் கொட்டகையில் என் நாற்காலிக்குப் பின்னால் அவளைச் சாத்தி வைத்திருந்தார்கள். குங்குமத்தை அழுத்தித் துடைத்ததில் நெற்றியில் கொஞ்சம் பெயிண்டும் போயிருந்தது.

டீ கொண்டுவந்த முதலாளியம்மா, "உங்களுக்குத் துணையா இருக்கட்டும்னுதான் டீச்சர்," என்றார்.

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. பிரபு வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்? டீயைக் குடித்தேன். நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன், ஃபேன் காற்று அவள்மேலும் படட்டும் என்று.