பாப்பா தொண்டையில் தேங்காய்ச் சில்லு

பெரியவன் படிக்கிற மஞ்சக்குப்பம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொல்லி, ஒரு நர்ஸம்மா பொம்மையை வைத்து, குழந்தை தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் செய்கிற முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள். கையெழுத்து போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். நான் பொம்மையின் முதுகைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்து, "தூங்க வெக்கிறீங்களாம்மா? ஓங்கித் தட்டுங்க" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்களா என்று கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர், முதுநகரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை கிண்டல் செய்தார்.

மூன்று வாரம் கழித்து ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனோம். தரிசனம் முடிந்து நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து, அர்ச்சனைத் தேங்காயைச் சில்லு போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். என் பதினோரு மாதப் பாப்பாவின் கையிலும் ஒன்று வைத்தேன். மற்ற நாளில் கொடுத்திருக்க மாட்டேன். சாமி பிரசாதம் என்ன செய்துவிடப்போகிறது என்ற நினைப்பு. தப்பு என்னுடையதுதான்.

பாப்பா ஒரு முறை இருமினாள். அப்புறம் சத்தமே இல்லை. வாய் திறந்தபடி இருக்கிறது, அழுகை வரவில்லை, உதடு நீலமாகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று நாத்தனார் உச்சந்தலையில் தட்டி, தண்ணீர் டம்ளரை நீட்டினாள். வீட்டுக்காரர் வாய்க்குள் விரலை விடப் போனார்.

"தண்ணி வேணாம். வெரல வுடாதீங்க, இன்னும் உள்ள போயிடும். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க."

அவரிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதே இல்லை.

பாப்பாவை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிக்கொண்டேன். தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஐந்து தட்டு. "பச்சப்புள்ளய அடிக்காதீங்க அண்ணி" என்று நாத்தனார் என் கையைப் பிடித்தாள். உதறினேன். மல்லாத்தி, நெஞ்சுக்கு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வரவில்லை. நடராஜா, நடராஜா என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கை எண்ணிக்கொண்டிருந்தது. மறுபடி குப்புற. நாலாவது தட்டில் சில்லு தெறித்துத் தரையில் விழுந்தது.

பாப்பா அழுதாள். தெருமுனைவரை கேட்கிற அழுகை. தேர் புறப்படும்போது அடிக்கிற மேளம்கூட என் காதுக்கு அப்படி இனித்ததில்லை.

ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். யார் செய்தது என்று கேட்டார். வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று, "எங்க வூட்டுல சார். எட்டாவதுதான் படிச்சிருக்காங்க" என்றார். அழுதுவிட்டார்.

படியிறங்கும்போது நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, எம்புள்ளைக்கு ரெண்டு வயசு ஆவுதே. அவனுக்கும் இதே மாதிரிதானா?"

முதுகில் தட்டுவது அதேதான், ஒரு வயதுக்கு மேலே என்றால் நெஞ்சை விட்டுவிட்டு, தொப்புளுக்கு மேலே கையை வைத்து உள்ளே மேலே அழுத்த வேண்டும் என்றேன். அங்கேயே படியில் அவளை உட்காரவைத்து, பின்னாலிருந்து கைபோட்டு, அழுத்தாமல் இடத்தை மட்டும் காட்டினேன். அடுத்த ஆளாக வீட்டுக்காரர் உட்கார்ந்தார்.