பாடல் குழுவில் இருந்த பயாலஜி டீச்சர்

வாரந்தோறும் பிரார்த்தனைக் கூடத்தில் பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுப்பவர் பயாலஜி டீச்சர்தான். பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்துபவரும் அவரே. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக அவருக்குத் தோன்றியதில்லை. நாத்தனாருக்குத் தோன்றியது.

நாத்தனாரின் மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள். பாடம் தொடங்கிய அன்று மாலையே நாத்தனார் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நாம குரங்குக்குப் பொறந்தோம்னு சொன்னியாமே?"

"அப்படிச் சொல்லலை அண்ணி. குரங்குக்கும் நமக்கும் முன்னோர் ஒண்ணுன்னு சொன்னேன்."

"இதுக்கு அதுவே தேவலை. சொந்தமே ஆக்கிட்டியே."

மறுநாள் புகார் தலைமையாசிரியையிடம் போனது.

"அந்தப் பாடத்தைப் பசங்களே படிச்சுக்கட்டுமே. எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"நான் நடத்தாம விட முடியாது மேடம்."

கடைசியில், பெற்றோர் விரும்பாத பிள்ளைகள் நூலகத்தில் உட்காரலாம் என்று முடிவானது. எழுந்து போனது நாத்தனார் மகள் மட்டும்தான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார்.

விஷயம் பிரார்த்தனைக் கூடத்தையும் எட்டியது. "கொஞ்ச நாளைக்கு வேற யாராவது பாடட்டும்மா" என்றார் குழுத் தலைவர், பட்டும் படாமல். டீச்சர் அந்த வாரத்திலிருந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்; முதல் வரியைத் தலைவரின் மருமகள் எடுத்தார்.

"அக்காகிட்ட நான் பேசவா?" என்றார் கணவர்.

"வேணாம். நீங்க பேசினா ரெண்டு பக்கமும் பத்திக்கும்."

அரையாண்டுத் தேர்வில் பரிணாமக் கேள்விகளை அந்தப் பெண் அப்படியே விட்டிருந்தாள்; பாடத்தில் ஃபெயில். நாத்தனார் மறுபடி வந்தார்.

"வீட்டுலயே டீச்சரை வெச்சுக்கிட்டு இவ ஃபெயிலானா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"வெளிய அனுப்பச் சொன்னது நீங்கதானே அண்ணி."

"பரீட்சைக்குச் சொல்லிக்கொடு. நம்ப வைக்காத."

சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. காவலுக்கு உட்கார்ந்த நாத்தனார் பட்டாணி உரித்தபடி, "அதை யார் பார்த்தா?" என்று வரிக்கு வரி குறுக்கே விழுந்தார். டீச்சர் சலிக்காமல் பதில் சொன்னார். பாடத்தில் திமிங்கலம் வந்ததும் பட்டாணி உரிப்பது நின்றது.

"அதுக்குள்ள கால் எலும்பா? நெஜமாவா?"

"நெஜமாதான். சின்னதா, வெளிய தெரியாம இருக்கும்."

"கடவுள் எதுக்கு அதை அங்க வெச்சாரு?"

"அது எனக்கும் தெரியாது அண்ணி."

நாத்தனார் மறுபடி பட்டாணியைக் கையில் எடுத்தார். பிறகு, "சரி, மேல சொல்லு" என்றார்.

மகள் பொதுத் தேர்வில் பாஸானாள். நாத்தனார் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முதல் வரி எடுக்கும் பொறுப்பு குழுத் தலைவரின் மருமகளிடமே நிலைத்துவிட்டது. அதில் டீச்சருக்கு இன்றும் வருத்தம்தான். அடுத்த ஆண்டும் அந்தப் பாடம் வந்தது. நடத்தினார். அம்முறை நான்கு பேர் எழுந்து நூலகத்துக்குப் போனார்கள்.